சோற்றுக்குப் பழக்கலாம்

"சோத்துக்கு மட்டும் பழக்கீறாதீங்க, அப்புறம் இதத் திங்காதுங்க." நாய்க்குட்டி வாங்கப் போனால் விற்பவர் உருண்டைத் தீனியைக் காட்டி முதலில் சொல்லும் அறிவுரை இது. எங்கள் வட்டாரமான அருள்புரத்திலும் கரைப்புதூரிலும் பல்லடம் சாலையின் இரு பக்கமும் இன்று பலர் இதை அப்படியே நம்புகிறார்கள். வீட்டில் பொங்கிப் போடும் எதுவும் நாயின் உடம்பைக் கெடுக்கும், மூட்டையில் வரும் உருண்டைத் தீனி ஒன்றே முழு உணவு, அதைவிட்டு வேறு போடுகிறவருக்கு நாய் வளர்க்கத் தெரியாது. குட்டி விற்பவர்கள் சொல்கிறார்கள், படித்தவர்கள் சொல்கிறார்கள், மருத்துவர்களிலும் சிலர் சொல்கிறார்கள். இதை நான் மறுக்கிறேன். மூட்டைத் தீனியின் மேல் எனக்குப் பகை கிடையாது. ஆனால் நாய்க்கு நல்ல உணவை வீட்டில் சமைக்கவே முடியாது என்று முடிவு கட்டுவது பிழை. அதை இந்த வட்டாரத்தில் இருந்துகொண்டு சொல்வது இன்னும் பெரிய பிழை.

அவர்கள் காட்டும் நாய்கள் பொய்யில்லை. முன்னங்கால் வில்லாக வளைந்த குட்டியை நானும் பார்த்திருக்கிறேன். இடுப்பு முடி கொட்டித் தோல் கறுத்த நாயையும், நாலு வயதிலேயே மாடிப்படி ஏற முடியாமல் பெருத்துப்போன லேப்ரடாரையும் இந்தத் தெருக்களில் காணலாம். அவை எல்லாம் வீட்டுச் சாப்பாடு தின்றவை என்பதும் சரிதான். ஆனால் அந்தத் தட்டில் என்ன விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. காலையில் பால் சோறு, மதியம் ரசம் சோறு, இரவு தயிர் சோறு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு. இது மனிதர்களுக்கு வடித்ததில் மீந்தது. நாய்க்காக அடுப்பு மூட்டி, அதன் எடை பார்த்து, அதற்கு ஆகாததை விலக்கிச் செய்த உணவு இதில் ஒரு வேளைகூடக் கிடையாது. மிச்சத்தின் மேல் சொல்ல வேண்டிய குற்றத்தைச் சமையலின் மேல் சொல்கிறார்கள். அவர்கள் வாதத்தின் முதல் ஓட்டை இதுதான்.

மிச்சம் ஏன் ஆகாது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. சுமாராக ஓடியாடும் 15 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 கலோரி வேண்டும். வெறும் சோற்றிலேயே அதைக் கொடுக்க நினைத்தால் 600 கிராம் சோறு போட வேண்டும். வயிறு நிறைந்துவிடும், ஆனால் அதில் புரதம் 15 கிராம் அளவே தேறும். அந்த நாய்க்குக் குறைந்தது 36 கிராம் தேவை. தயிர் ஊற்றினால் கொஞ்சம் கூடும், போதாது. நம் வீட்டு அரிசிம்பருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கொங்குப் பக்கத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாவது அது உண்டு. பருப்பு சேர்ந்திருப்பதால் தயிர் சோற்றைவிட மேல் என்று தோன்றும். அதற்குள் கை நிறையச் சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கிக் கிடக்கின்றன. வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் 0.5 சதவிகிதம் வெங்காயம் உள்ளே போனாலே நஞ்சாகலாம். 15 கிலோ நாய்க்கு அது 75 கிராம். ஒரே நாளில் அவ்வளவு போகாவிட்டாலும், தினமும் குழம்புச் சோறு தின்னும் நாய்க்குச் சிறுகச் சிறுகச் சேரும் கேடு கண்ணுக்குத் தெரியாது.

இனி, எதிர்த்தரப்பின் கையில் உள்ள வலுவான சான்றுக்கு வருகிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புத்தகங்களிலும் இணையத்திலும் வந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துச் சோதித்ததில் 95 சதவிகிதத்தில் அவசியமான சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. பலவற்றில் பல சத்துகள் குறைவு. குறிப்புகளை மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் குறை முழுதாகத் தீரவில்லை. வீட்டுச் சமையலுக்கு எதிராகப் பேசுகிறவர்கள் இந்த 95 என்ற எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அதே ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோ வகுத்த குறைந்தபட்ச அளவை எட்டிய குறிப்புகள் ஒன்பது. அந்த ஒன்பதில் எட்டு, கால்நடை மருத்துவர்கள் எழுதியவை. கணக்குத் தெரிந்தவர் அளவு சொன்னால் வீட்டுப் பானையிலும் முழு உணவு வேகும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? குறிப்புகளின் இன்னொரு குறையும் அதே கட்டுரையில் உள்ளது. பெரும்பாலான குறிப்புகளில் அளவுகள் தெளிவாக இல்லை. கொஞ்சம் கறி, கொஞ்சம் காய், தேவைப்பட்டால் சத்து மருந்து என்று எழுதினால் எந்த உணவும் தோற்கும்.

மூட்டைத் தீனியை முழு உணவு ஆக்குவது எது? உள்ளே இருக்கும் மக்காச்சோளமோ அரிசியோ கோழிக்கறித் தூளோ அந்த வேலையைச் செய்வதில்லை. வைட்டமின்களும் துத்தநாகமும் அயோடினும் செம்பும் கலந்த ஒரு பொடி, ஆலையில் பிரிமிக்ஸ் என்பார்களே, அதுதான் செய்கிறது. அதைச் சேர்க்காவிட்டால் ஆலைத் தீனியும் நம் பால் சோறு போலக் குறையுள்ள உணவுதான். அப்படியானால் அந்தப் பொடியை வீட்டுச் சோற்றில் சேர்க்க என்ன தடை? நாய்களுக்கான வைட்டமின், தாது உப்பு மருந்துகள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. எது, எவ்வளவு என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான்.

இதை இந்த வட்டாரத்துக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதுதான் எனக்கு மனம் ஆறாத இடம். பல்லடம், நாட்டின் கறிக்கோழித் தொழிலுக்குத் தலைநகரம் போன்ற ஊர். கறிக்கோழிக் கொள்முதல் விலையை அறிவிக்கும் ஒருங்கிணைப்புக் குழு அங்கேதான் இருக்கிறது. ஒரு குஞ்சை நாற்பது நாளில் இரண்டு கிலோவுக்கு ஏற்ற மக்காச்சோளம் எவ்வளவு, சோயாப் புண்ணாக்கு எவ்வளவு, எந்த வாரத்தில் எந்தத் தீவனம் என்று எண்ணி எண்ணிக் கொடுத்த கைகள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கின்றன. காங்கயம் பக்கம் மாடு வைத்திருப்பவர் பருத்திக்கொட்டையும் தவிடும் புண்ணாக்கும் தாமே கலந்து, அதன்மேல் தாது உப்புக் கலவையைத் தூவிக் கொடுக்கிறார். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே மாட்டுக்கான தாது உப்புக் கலவையைத் தயாரித்து விற்கிறது. கறவை மாட்டுக்கு வீட்டில் தீவனம் கலக்கத் தெரிந்த மனிதரைப் பார்த்து, நாய்க்குச் சோறு பொங்க உனக்குத் தெரியாது என்கிறோம். அவரும் ஆமாம் என்று தலையாட்டி மூட்டை வாங்கிப் போகிறார். (மாட்டு உப்பையே நாய்க்கும் போட்டுவிடாதீர்கள். அதன் அளவுகள் வேறு.)

கரைப்புதூர் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனியின் பின்வாசலில் வாட்ச்மேன் ஒருவர் நாய்க்குச் சமைப்பதை அருகிருந்து பார்த்திருக்கிறேன். தென் மாவட்டத்திலிருந்து வந்தவர், தனியாள். கறிக்கடையில் கோழிக் கழுத்தும் நெஞ்செலும்பும் கொஞ்சம் ஈரலும் வாங்கி வருவார். தோலை உரித்துத் தனியே போட்டுவிட்டு, மஞ்சள் தூள் மட்டும் சேர்த்து வேகவைப்பார். வெந்ததும் கறியைத் தட்டில் கொட்டி ஆறவிட்டு எலும்பிலிருந்து பிய்ப்பார். அந்த வேலையில்தான் அவர் கையைக் கவனித்தேன். ஒவ்வொரு துணுக்கையும் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பானையில் போடுவார். ஊசி போல ஒரு எலும்புச் சில்லு அகப்பட்டால் எடுத்துச் சுவரோரம் வைப்பார். வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. கறி வெந்த தண்ணீரிலேயே குருணையைப் போட்டு, பூசணிக்காயும் சேர்த்துக் குழைய விட்டு, கரண்டியால் மசிப்பார். அடுப்பிலிருந்து இறக்கியபின் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து வெள்ளைப் பொடியில் அரைக் கரண்டி. எதிர்க்கடையில் அவித்த முட்டை உரித்த ஓடுகளை வாங்கி, கழுவி, வறுத்து, மிக்சியில் அரைத்து வைத்த பொடி அது. தமக்கான குழம்புக்குக் கறியைத் தனியே எடுத்துக்கொண்டு, அதில் மட்டும் வெங்காயமும் மிளகாயும் சேர்ப்பார்.

அந்தப் பொடியை எண்ணிப் பாருங்கள். 200 கிராம் கோழிக்கறியும் 300 கிராம் சோறும் சேர்ந்தால் 15 கிலோ நாய்க்கு ஒரு நாளுக்கான கலோரி பெரும்பாலும் வந்துவிடும், புரதமும் தேவைக்கு மேலேயே இருக்கும். ஆனால் இரண்டிலும் சேர்த்துக் கால்சியம் 100 மில்லிகிராம்கூடத் தேறாது. தேவையோ ஒரு கிராம். கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் அற்பம். இந்தச் சமநிலை குலைந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். கறியும் சோறும் மட்டும் தின்ற குட்டியின் கால் வளைவது இதனால்தான். ஒரு முட்டை ஓட்டின் பொடியில் சுமார் 2 கிராம் கால்சியம் உண்டு. அரை ஓடு அந்த நாளுக்குப் போதும். வளைந்த காலைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் அந்தக் குட்டியின் சொந்தக்காரரிடம் முட்டை ஓட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதுமே.

வாட்ச்மேன் பானையிலும் குறை உண்டு. துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ இவை அதில் போதாது. நாயின் தோல் வெயிலிலிருந்து வைட்டமின் டி-யைப் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ளாது, உணவில்தான் வர வேண்டும். வாரத்துக்கு இரண்டு முட்டையும் ஒரு நாள் மத்தி மீனும் சேர்த்தால் பாதி தூரம் போகலாம். மீதிக்கு மருத்துவர் எழுதித் தரும் சத்து மருந்து வேண்டும். வேலை அவ்வளவுதான் பாக்கி. அந்த மனிதரின் கையிலிருந்து பானையைப் பிடுங்கி மூட்டையைக் கொடுப்பதும், அந்தப் பானையில் ஒரு மருந்தைச் சேர்க்கச் சொல்வதும் ஒன்றாகுமா?

வேறொரு கூட்டம் மறுபக்கத்திலிருந்து வருகிறது. நாய் ஓநாயின் வம்சம், அதற்கு அரிசி ஆகாது, பச்சைக் கறி போடு என்கிறார்கள். 2013-இல் 'நேச்சர்' இதழில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகள். நாய்க்கு நாலிலிருந்து முப்பது வரை. மனிதன் பயிர் செய்யத் தொடங்கிய பிறகு அவன் அடுப்படியில் கிடந்தே நாயின் குடல் மாறியிருக்கிறது. நம் ஊரில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் கம்பங்கூழும் கேப்பைக்கூழும் குடித்து முயல் துரத்தியவை. குழைய வெந்த அரிசி நாய்க்குத் தாராளமாகச் செரிக்கும். தானியமே இல்லாத தீனி என்று விலை கூட்டி விற்றவற்றில் சிலவற்றுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாமா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் விசாரணை தொடங்கியது. அதில் இன்னும் முடிவான விடை இல்லை என்பதால் அதை வைத்து நான் யாரையும் பயமுறுத்த மாட்டேன். அரிசி மேல் சொன்ன குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடையாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பச்சைக் கோழிக்கறி வேண்டவே வேண்டாம். சால்மொனெல்லா நாயை விட்டாலும், அது நக்கும் பிள்ளையை விடாது.

ஆலையில் செய்தது பாதுகாப்பு என்கிறார்கள். பொதுவாக உண்மை. ஆனால் 2007-இல் அமெரிக்காவில் மெலமைன் கலந்த கோதுமைப் பசை தீனிக்குள் புகுந்து நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. கோடிக்கணக்கான டப்பாக்களும் பாக்கெட்டுகளும் திரும்பப் பெறப்பட்டன. 2020 இறுதியில் அங்கேயே மக்காச்சோளப் பூஞ்சை நஞ்சான அஃப்லடாக்சின் கலந்த தீனியால் நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்தன. தவறு எங்கும் நேரும், ஆலையிலும் நேரும். இங்கே அருள்புரத்தில் அதைவிட அன்றாடமான சிக்கல் ஒன்று இருக்கிறது. வாரச் சம்பளக்காரர் முழு மூட்டை வாங்குவதில்லை. கடைக்காரர் இருபது கிலோ மூட்டையை வெட்டி வைத்து, கேட்கிற அளவு கவரில் நிறுத்துக் கொடுக்கிறார். வெட்டிய தேதி தெரியாது, காலாவதித் தேதி கிழித்த மூட்டையோடு போய்விட்டது, குட்டிக்கானதா பெரிய நாய்க்கானதா என்பதும் கடைக்காரர் வாய்ச்சொல்தான். காற்றுப் பட்ட கொழுப்பு காறிப்போகும், வைட்டமின்கள் தேயும். அந்தக் கவரிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தயிர் சோற்றின் மேல் தூவிவிட்டு, நாய் முழு உணவு தின்றது என்று நிம்மதி அடைகிறார்கள். ஒரு கைப்பிடி என்பது 30 கிராம், சுமார் 100 கலோரி. நாயின் தேவையில் எட்டில் ஒரு பங்கு. மற்ற ஏழு பங்கும் பழைய தயிர் சோறேதான்.

உருண்டைத் தீனியை நாயே விரும்பித் தின்கிறதே என்பது இன்னொரு வாதம். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை வைத்துச் செய்த சோதனைகளில், நாய் உணவிலுள்ள புரத அளவைப் பார்ப்பதில்லை, கறி வாசத்தைத்தான் பின்தொடர்கிறது என்று கண்டார்கள். ஆலைக்கும் இது தெரியும். உருண்டைகளின் மேல் வாசப் பூச்சு ஏற்றுகிறார்கள். கறி வெந்த தண்ணீரில் சோறு பொங்கினால் வீட்டிலும் அதே வாசம் வரும். சோற்றுக்குப் பழகிய நாய் உருண்டையைத் திங்காது என்று குட்டி விற்பவர் அஞ்சுகிறாரே, அந்த அச்சத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் இல்லை. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு எட்டரைக்கு வெளியே வரும் பெண்ணிடம் தனிச் சமையல் கேட்பது அநியாயம். அவர் மூட்டையை வாங்கட்டும், முழு மூட்டையாக, தேதி பார்த்து, எடைக்குத் தக்க அளந்து போடட்டும். அது நல்ல வழியே. ஆனால் அநேக வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை எப்படியும் கோழி வேகிறது. வெங்காயம் வதக்குவதற்கு முன்பே நாய்க்கு வேண்டியதை வேறு பாத்திரத்தில் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மூன்று நாளுக்கு ஃபிரிட்ஜில் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃபிரீசரில் வைத்துக்கொள்ளலாம். செலவும் அப்படித்தான். மனிதர்கள் ஒதுக்கும் கழுத்தும் ஈரலும் இரைப்பையும் இந்த ஊரில் மலிவு. அதில் ஒரு பங்கு கழிவோடு கழிவாகச் சாலையோரமும் வாய்க்காலிலும் கொட்டப்படுகிறது. அதைப் பச்சையாகத் தின்று கூட்டம் சேரும் நாய்கள்தான் வெள்ளகோவில், காங்கயம் பக்கம் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடிக்கின்றன என்று விவசாயிகள் கொதிக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயம். அந்தக் கறி ஒரு பானையில் வெந்திருக்க வேண்டியது.

எல்லா நாய்க்கும் பானையே போதும் என்று நான் சொல்லவில்லை. வளரும் குட்டிக்கும், அதிலும் பெரிய இனக் குட்டிக்கும், சினை நாய்க்கும், சிறுநீரகம் கெட்ட கிழட்டு நாய்க்கும் அளவு சற்றுத் தவறினாலும் கேடு. அங்கே மருத்துவர் சொல்லும் தீனியோ, அவர் அந்த நாய்க்கென்றே எழுதிய குறிப்போ இல்லாமல் இறங்கக் கூடாது. உடம்பு சரியாக இருக்கிற வளர்ந்த நாயைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். நம் தெருக்களில் உள்ள நாய்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான்.

இங்கே நான் கேட்பது மருத்துவர்களைத்தான். சோறு போடாதே என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. அப்படிக் கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறவர் மறுநாளும் ரசம் சோறுதான் போடப் போகிறார், ஏனென்றால் மாதக் கடைசியில் வீட்டில் இருப்பது அதுதான். உடுமலையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்தோறும் அரசுக் கால்நடை மருந்தகம் இருக்கிறது. கோழிக்கும் மாட்டுக்கும் தீவன அட்டவணை தமிழில் அச்சடித்துத் தரும் துறை இது. நாய்க்கு ஒரு தாள் போதும். 5 கிலோ, 10 கிலோ, 15 கிலோ, 25 கிலோ என்று நாலு வரிசை. அரிசி எத்தனை டம்ளர், எலும்பில்லாத கறி எத்தனை கிராம், முட்டை ஓட்டுப் பொடி எவ்வளவு, எந்தச் சத்து மருந்து எத்தனை சொட்டு. அடியில் வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு கூடாது என்று ஒரு வரி. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வரும் ஒவ்வொருவர் கையிலும் அந்தத் தாளைக் கொடுங்கள்.